எந்த நாட்டுத் துப்பாக்கி?

1

எங்கள் தொகுதி எம்.எல்.ஏ. துபாய்க்கு வரப்போகிறார் என்று தமிழ்ச் சங்கத்து வாட்ஸப் குழுவில் செய்தி வந்தபோது நான் இங்கே தேரா பகுதியில் அலுவலக மேஜையில் உட்கார்ந்து, துறைமுகத்தில் நிற்கும் ஒரு கன்டெய்னருக்கான காகிதங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். மாலையில் சங்கச் செயலாளரே போன் செய்தார்.

"கலாம்மா, எம்.எல்.ஏ. பேசப்போறதே துப்பாக்கிச் சட்டத்தப் பத்தித்தான். உங்க அண்ணன் பேரச் சட்டசபையில சொன்னவராச்சே. நீங்க மேடைக்கு வரணும். உங்க பொண்ணு வரவேற்புரை படிக்கட்டும்."

அந்த வாரம்தான் அண்ணனின் மூன்றாவது வருட திதி. கராமாவில் எங்கள் ஒற்றைப் படுக்கையறை வீட்டின் சமையலறையில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. நான் அடுப்பை அணைத்துவிட்டு, சரி என்று சொன்னேன். அப்போது எனக்கு அதில் எந்தத் தயக்கமும் இல்லை. சொல்லப்போனால் ஒருவிதப் பெருமைகூட இருந்தது.

ஊரில் இருப்பவர்களுக்கு இது புரிய வேண்டும் என்பதற்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இங்கே நம் துக்கத்தைக் கேட்க ஆள் கிடையாது. அண்ணன் இறந்த செய்தி வந்த காலையில் அவசர விடுப்புக் கேட்டு மேலாளரிடம் போனேன். அவர் எகிப்துக்காரர், நல்ல மனிதர். இறப்புச் சான்றிதழ் கேட்டார். போலீஸ் கேஸ், பிரேதப் பரிசோதனை முடியாமல் சான்றிதழ் வராது என்றேன். எப்படி இறந்தார் என்று கேட்டார். நாட்டுத் துப்பாக்கி என்பதற்கு எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அப்படியே ஒவ்வொரு சொல்லாக மாற்றிச் சொன்னேன். அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு மிகுந்த அக்கறையோடு கேட்டார்: "எந்த நாட்டுத் துப்பாக்கி?"

வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். அவர் அதற்கு மேல் கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். பெங்களூரில் இறங்கி, டாக்சி பிடித்து நான் ஊர் போய்ச் சேர்ந்தபோது மண் மூடி, பால் தெளித்து முடித்திருந்தார்கள்.

2

எங்கள் ஊர் தர்மபுரி பக்கம், மலையடிவாரம். நிலத்துக்கு மேலே காடு. மக்காச்சோளம் பால் பிடிக்கும் பருவத்தில் காட்டுப்பன்றி இறங்கும். ஒரு கூட்டம் ஒரே தடவை வந்து போனால் போதும், அந்த வெள்ளாமை அத்தோடு சரி. அதனால் அடிவாரத்து வீடுகள் சிலவற்றில் பரணில் ஒரு துப்பாக்கி இருக்கும். குழாயில் கரிமருந்தைக் கொட்டி, சைக்கிள் பால்ரஸ் குண்டுகளைப் போட்டு, கம்பியால் கெட்டித்துச் சுடுவது. உரிமம் வைத்திருப்பவர்கள் உண்டு, இல்லாதவர்கள்தான் அதிகம்.

என் அண்ணன் சேகரிடம் துப்பாக்கி கிடையாது. பக்கத்து நிலத்து மாதுவிடம் இருந்தது. அவன் அப்பா வைத்திருந்தது, உரிமம் இல்லை. மாதுவும் அண்ணனும் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள். மோட்டாருக்கு முறை வைத்துக் கரண்டு விடுவதில் மாதத்துக்கு ஒரு தடவை சண்டை போட்டு, அடுத்த நாளே ஒரே வண்டியில் சந்தைக்குப் போவார்கள்.

அன்று விடியக்காலை, வெளிச்சம் வருவதற்கு முன்பு, அண்ணன் பன்றி சத்தம் கேட்டு வரப்பு வழியாகத் தன் சோளக்காட்டுக்குள் போயிருக்கிறார். அதே சத்தத்தைக் கேட்டு மாதுவும் வந்திருக்கிறான். சோளத்தட்டை அசைந்த இடத்தைப் பார்த்துச் சுட்டுவிட்டான். அண்ணன் கத்திய பிறகுதான் அவனுக்கு ஆள் என்று தெரிந்தது. தோளில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் தார் ரோடு வரைக்கும் ஓடியிருக்கிறான். ஆம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டது. வழியிலேயே அண்ணன் போய்விட்டார். அது தெரிந்ததும் மாது மலைக்கு மேலே ஓடிப்போய், சில நாள் கழித்துத் தானாக வந்து ஸ்டேஷனில் உட்கார்ந்தான். அந்த ஓட்டம்தான் அவனுக்கு வினையாகிவிட்டது. கொலை வழக்காகவே பதிந்தார்கள். ஓடிப்போனவன் என்று ஜாமீன் மறுத்தார்கள்.

எம்.எல்.ஏ. அதுவரை எங்களுக்குச் சுவரொட்டியில் பார்த்த முகம்தான். அவர் துக்கத்துக்கு வந்தார். தரையில் உட்கார்ந்தார். அடுத்த கூட்டத்தொடரில் எழுந்து பேசினார். அந்தக் காணொளி என் போனில் இருந்தது. மெட்ரோவில் போகும்போது எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கள்ளத் துப்பாக்கியை ஒப்படைக்க அரசு ஒரு தவணை கொடுக்க வேண்டும், ஒப்படைப்பவர் மீது வழக்குப் போடக் கூடாது. பன்றி அழித்த பயிருக்கு உடனே இழப்பீடு தர வேண்டும். தவணை முடிந்த பிறகு எவன் வீட்டில் துப்பாக்கி இருந்தாலும், அதனால் உயிர் போனாலும், ஜாமீன் கிடையாது, தண்டனைக் குறைப்பு கிடையாது, நன்னடத்தை விடுதலை கிடையாது. இதுதான் அவர் கேட்டது. கடைசியில், "இன்னொரு சேகரை நான் புதைக்க மாட்டேன்" என்று சொல்லும்போது அவர் குரல் கம்மியது. அது நடிப்பு என்று நான் நினைக்கவில்லை. இன்றும் நினைக்கவில்லை.

அண்ணி சுமதிக்கு அங்கன்வாடியில் உதவியாளர் வேலை கிடைத்ததும் அவரால்தான்.

3

சங்கத்து விழாவுக்கு முந்தைய வாரம், தெரியாத உள்ளூர் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"கலாக்காங்களா? நான் பச்சையம்மா பேசறன்."

எந்தப் பச்சையம்மா என்று கேட்டேன்.

"மாது ஊட்டுக்காரி" என்றாள்.

நான் போனை வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. இந்த எண் எப்படிக் கிடைத்தது, எங்கிருந்து பேசுகிறாய் என்று அதிகாரி மாதிரி கேட்டேன். அல் ஐன் நகரில் ஓர் அரபி வீட்டில் சமையலும் பிள்ளை பார்ப்பதுமாகக் கிட்டத்தட்ட இரண்டு வருடமாக இருக்கிறாள். மாது உள்ளே போன பிறகு நிலம் தரிசாகிவிட்டது. பிள்ளைகள் இருவரையும் அம்மாவிடம் விட்டுவிட்டு ஏஜென்ட் மூலம் வந்திருக்கிறாள். எம்.எல்.ஏ. இங்கே வருவது ஊரிலிருந்து அவள் காதுக்கு எட்டியிருக்கிறது; என் எண்ணையும் அங்கேதான் வாங்கியிருக்கிறாள்.

"நேர்ல ஒரு தடவ பாக்கணுங்க்கா. எனக்கு அங்க வர வழி மாஃபி. ஞாயித்துக்கெழம மத்தியானம் கொஞ்ச நேரம் வெளிய உடுவாங்க." இல்லை என்பதை அவளும் இங்குள்ளவர்கள்போல அரபியில் மாஃபி என்றாள்.

என் கணவரிடம் சொன்னேன். "போகணும்னு இருந்தா போ. ஆனா வாக்கு எதுவும் குடுத்துட்டு வராத" என்றார்.

அல் குபைபா நிலையத்தில் பேருந்து ஏறி அல் ஐனுக்குப் போனேன். வழியெல்லாம் மணல். அவள் மீது எனக்கு என்ன கோபம் இருக்கிறது என்று தேடிக்கொண்டே போனேன். அவளைக் கல்யாணக் கோலத்தில் பார்த்தது ஞாபகம் வந்தது. அவர்கள் கல்யாணத்தில் பந்தி விசாரித்தது என் அண்ணன்தான்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மலையாளி டீக்கடை. மூலை மேஜையில் கறுப்பு அபாயா அங்கியும் தலையில் துணியுமாக ஒரு பெண் எழுந்து நின்றாள். எனக்கு அடையாளமே தெரியவில்லை. கை மட்டும் ஊர்க் கையாக இருந்தது, மணிக்கட்டில் பச்சை குத்தியிருந்தது. நான் உட்காரும் வரை அவள் உட்காரவில்லை.

"மன்னிச்சிருங்கன்னு கேக்க வரலங்க்கா" என்றுதான் ஆரம்பித்தாள். "அத எந்த வாயால கேக்கறது. விசாரணைய ஆரம்பிக்கச் சொல்லுங்க, அவ்ளோதான். நீங்க சொன்னா எம்.எல்.ஏ. கேப்பாரு."

"விசாரணை நடந்தா தண்டனை கிடைக்கும் பச்சையம்மா."

"கெடைக்கட்டும். எத்தினி வருசம்னு தெரியட்டும். இப்ப வாய்தா வாய்தான்னு போவுது. அடுத்த மாசம் என் கான்ட்ராக்ட் முடியுது. ஏஜென்ட் கேக்கறான், இருக்கறியா போறியான்னு. அவுரு எத்தினி வருசம் உள்ள இருப்பாருன்னு தெரிஞ்சாதான நான் எத்தினி வருசம் இங்க இருக்கணும்னு தெரியும்? எனக்கு ஒரு கணக்கு வேணுங்க்கா."

அவளும் தண்டனையில் இருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளுக்கு நீதிபதிகூட இல்லை.

டீ ஆறிக்கொண்டிருந்தது. அவள் சொல்வதா வேண்டாமா என்று நினைப்பதுபோல மேஜையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்.

"தூக்கிட்டு ஓடறப்ப உங்க அண்ணன் பேசினாராம். செயில்ல பாக்கப் போனப்ப அவுரு சொன்னாரு."

"என்ன பேசினார்?"

"'செருப்ப உட்டுட்டு வந்துட்டம்டா மாது'ன்னாராம். 'கலா வாங்கி அனுப்பிச்சதுடா'ன்னாராம். அதுக்கு இவுரு, 'நான் எடுத்தாந்து தரன், பேசாத வா'ன்னாராம். அப்புறம் பேசலியாம்."

அந்தச் செருப்பு கராமாவில் ஒரு கடையில் வாங்கியது. பழுப்பு நிறம், பின்னால் வார் வைத்தது. ஊருக்குப் போன ஒருவரிடம் கொடுத்து அனுப்பியிருந்தேன். நான் டீக்கடையில், அத்தனை ஆண்களுக்கு நடுவில், சத்தம் போட்டு அழுதேன். பச்சையம்மா என்னைத் தொடவில்லை. தொட அவளுக்குத் துணிவு வரவில்லை. கைப்பையிலிருந்து ஒரு டிஷ்யூ பொட்டலத்தை எடுத்து என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, தானும் தலைத்துணியால் முகத்தை மூடிக்கொண்டாள்.

4

என் மகள் தாரணிக்குப் பதினான்கு வயது. இங்கேயே பிறந்தவள். தமிழ் பேசுவாள், படிக்க வராது. வீட்டில் நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். மாமா என்றால் அவளுக்கு வீடியோ காலில் வந்து, "என்னடி துபாய்க்காரி, சாப்ட்டியா?" என்று கேட்கும் ஒரு முகம். அதற்கு மேல் அதிகம் இல்லை.

வரவேற்புரையைச் செயலாளர் எழுதி அனுப்பியிருந்தார். அதை நான் ஆங்கில எழுத்தில் அவளுக்கு எழுதிக் கொடுத்தேன். இங்கே பல வீடுகளில் பிள்ளைகள் மேடையில் பேசும் தமிழ் இப்படித்தான் வருகிறது. கண்ணாடி முன்னால் நின்று நாலைந்து முறை படித்துப் பார்த்தாள். எல்லாம் சரியாகவே இருந்தது.

விழா பர் துபாயில் ஒரு ஓட்டலின் அரங்கத்தில். பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவும் நிறைந்த கூட்டம். எம்.எல்.ஏ. வெள்ளை வேட்டி சட்டையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். தாரணி நிமிர்ந்து நின்று நன்றாகத்தான் ஆரம்பித்தாள். கூட்டத்தைப் பார்த்த படபடப்போ என்னவோ, "கள்ளத் துப்பாக்கிக்குப் பலியான என் மாமா சேகர்" என்ற இடத்தில், "கள்ளத் துப்பாக்கிக்குப் பல்லியான என் மாமா சேகர்" என்று படித்துவிட்டாள்.

அரங்கம் சிரித்தது. கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை, குழந்தை மழலைக்குச் சிரிப்பதுபோல. பின்வரிசையில் யாரோ கைகூடத் தட்டினார். தாரணிக்கு எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியவில்லை. காகிதத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் அதே வரியை, அதே மாதிரி, இன்னும் சத்தமாகப் படித்தாள். மறுபடியும் சிரித்தார்கள்.

எழுந்தது எம்.எல்.ஏ.தான். மேடை ஏறி, அவள் தோளில் கை வைத்து, மைக்கை வாங்கினார். "சிரிக்காதீங்க. செத்துப்போனவரப் பத்திப் புள்ள பேசுது" என்றார். அரங்கம் அப்படியே அடங்கிவிட்டது. அவளை என்னிடம் அனுப்பிவிட்டுப் பேசத் தொடங்கினார்.

அதே பேச்சுதான். தவணை, இழப்பீடு என்றபோது மெல்லிய கைதட்டல். ஜாமீன் கிடையாது, தண்டனைக் குறைப்பு கிடையாது என்றபோது அரங்கமே அதிர்ந்தது. எனக்குப் பக்கத்தில் இருந்தவர் குனிந்து, "இந்த ஊர்ச் சட்டம் நம்ம ஊருக்கு வந்துச்சுன்னா ஒரே வாரத்துல எல்லாரும் திருந்திடுவாங்க" என்றார். அவரை எனக்குத் தெரியும். போன வருடம் ஒரு சாலை விபத்து வழக்கில் அவர் பாஸ்போர்ட் கோர்ட்டில் மாட்டிக்கொண்டு, தம்பி கல்யாணத்துக்குப் போக முடியாமல் போனில் பார்த்து அழுதவர். இங்கே எங்கள் எல்லோர் பேச்சும் அப்படித்தான். அடுத்தவனுக்கு வரும் சட்டத்தைப் பற்றிப் பேசும்போது எங்களுக்குக் குரல் உயர்ந்துவிடுகிறது.

என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். நன்றி என்ற ஒரு சொல்லுக்கு மேல் என்னால் பேச முடியவில்லை. துக்கத்தில் பேச்சு வரவில்லை என்று செயலாளர் மைக்கில் சொன்னார். கைதட்டினார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் எம்.எல்.ஏ. தட்டோடு ஓரமாக நின்றபோது அருகில் போனேன்.

"அய்யா, மாதுவோட கேஸ் எப்ப விசாரணைக்கு வரும்?"

"ஏம்மா, வெளிய வந்துடுவான்னு பயப்படறீங்களா? அதுக்கு விடமாட்டேன்."

"இல்லைங்க அய்யா. இன்னும் வரலையேன்னுதான் கேக்கறேன்."

அவர் தட்டைப் பக்கத்து மேஜையில் வைத்தார். பச்சையம்மாவைப் பார்த்ததைச் சொன்னேன். அவள் கேட்டதையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"நம்ம அடிவாரத்துல இந்த மாதிரி எத்தன சாவு நான் பாத்துட்டேன் தெரியுமாம்மா? எல்லாமே தெரியாம சுட்டதுதான். எல்லாருமே நல்லவன்தான். ஊர்ப் பஞ்சாயத்துல பேசி முடிச்சு, துப்பாக்கி திரும்பப் பரணுக்குப் போயிடும். அடுத்த வெள்ளாமைக்கு இன்னொருத்தன் சாவான். ஒரு கேஸாவது நிக்கணும்மா. அப்பதான் பயம் வரும்."

"அந்த ஒரு கேஸ் மாதுதானா அய்யா?"

"மாது இல்லம்மா. உங்க அண்ணன்."

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. மூன்று வருடமாக விசாரணையே இல்லாமல் ஒருவன் உள்ளே கிடப்பதும் பொய் இல்லை.

"தப்புப் பண்ணவனுக்குத் தண்டனை குடுங்க. ஆனா என்னன்னு சொல்லிட்டாவது குடுக்கலாமில்லைங்களா" என்றேன்.

அவர் மேஜையிலிருந்த தட்டை மறுபடி எடுத்தார். "உங்க அண்ணிகிட்டப் பேசினீங்களா? இழந்தவங்க அவங்க. அவங்க ஒத்துக்கிட்டா நான் அரசு வக்கீல்கிட்டப் பேசறேன்."

மெட்ரோவில் திரும்பும்போது தாரணி ஜன்னலைப் பார்த்தபடியே வந்தாள். யாரோ அவள் தோழி, அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. கராமா நிலையத்தில் இறங்கி நடக்கும்போது ஆங்கிலத்தில் கேட்டாள், மாமாவைச் சுட்டவர் வேண்டுமென்றே சுட்டாரா என்று. இல்லை என்றேன். "அப்போ ஏன் இன்னும் ஜெயில்ல இருக்கார்?" என்றாள், இந்தமுறை தமிழில். ஓடிப்போனதால், துப்பாக்கிக்கு உரிமம் இல்லாததால் என்று ஏதேதோ சொன்னேன். அவளுக்கும் புரியவில்லை, நான் சொன்னது எனக்கே நியாயமாகப் படவில்லை. அன்றிலிருந்து வெகுநாள் அவள் வெளியாள் முன்னால் தமிழ் பேசவில்லை.

5

மறுநாள் காலை, அங்கன்வாடிக்குக் கிளம்புவதற்கு முன்பு அண்ணியைப் போனில் பிடித்தேன்.

பச்சையம்மா பெயரைச் சொன்னதுமே அண்ணியின் குரல் மாறிவிட்டது. "அவ உங்கிட்ட வந்தாளா? எங்கிட்ட வரலையே. ஊர்ல இருந்த வரைக்கும் நூறு அடி தூரத்துலதான் இருந்தா, ஒரு தடவ வாசல்ல வந்து நிக்கல. அங்க வந்து உன்னப் புடிச்சிருக்கா."

"பயம் அண்ணி அவளுக்கு."

"எனக்கு இல்லையா பயம்?" அண்ணி கத்தினாள். "கலா, நீ நல்லவ. அதனாலதான் சொல்றன், கேளு. உனக்கு அங்க இருந்துக்கிட்டு எரக்கப்படறது சுலுவு. நீ லீவுல வருவ, போட்டோவுக்குப் பூப் போடுவ, போயிடுவ. நான் தெனமும் அந்த வரப்பு மேல நடக்கறன். அந்த எடத்தத் தாண்டிதான் மாட்டுக்குப் புல்லு அறுக்கப் போறன். அவன மன்னிக்கலாமா வேணாமான்னு நீ யோசிக்காத. அது உன்னோடது இல்ல."

"மன்னிக்கச் சொல்லல அண்ணி. விசாரணை நடக்கட்டும்னுதான்…"

"நடக்கட்டும். யாரு வேணான்னா? நான் போய் எம்.எல்.ஏ. கால்ல உழுந்து அவனுக்காகக் கேக்க மாட்டன். அவ்ளோதான்."

சொல்லக் கூடாது என்றுதான் நினைத்திருந்தேன். ஆனாலும் அண்ணன் கடைசியாகப் பேசியது என்னிடம் மட்டும் இருப்பது திருட்டுப் பொருளை வைத்திருப்பதுபோல இருந்தது. செருப்பைப் பற்றிச் சொன்னேன்.

அந்தப் பக்கம் சேவல் கூவுவதும் யாரோ குடம் வைப்பதும் கேட்டது.

"ஒண்ணு கெடச்சிது" என்றாள் அண்ணி. "இன்னொண்ணு கெடைக்கல. போலீஸ்காரங்க எடுத்துட்டுப் போயிட்டாங்கன்னு நெனச்சிருந்தன்." பிறகு, "நேரமாச்சு, புள்ளைங்க வந்துடும்" என்று வைத்துவிட்டாள்.

அண்ணி சொன்னது இரண்டு மூன்று நாள் என்னைத் தூங்கவிடவில்லை. அவள் சொன்னது சரி. தூரத்தில் இருப்பவர்களுக்கு எல்லோருடைய நியாயமும் தெரிகிறது. அதற்குக் காரணம் எங்கள் பெரிய மனசு இல்லை, எங்கள் கால் அந்த மண்ணில் படாததுதான். எம்.எல்.ஏ.வுக்கு, அண்ணி ஒத்துக்கொள்ளவில்லை என்று மட்டும் செய்தி அனுப்பினேன். அவர் கைகூப்பும் படம் ஒன்றைப் பதிலாக அனுப்பினார்.

பச்சையம்மாவிடமும் உள்ளதைச் சொன்னேன். "சரிங்க்கா" என்றாள். அடுத்த மாதம் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கான்ட்ராக்டில் கைநாட்டு வைத்தாள்.

6

ஆனாலும் ஒன்று நடந்தது. அடுத்த கூட்டத்தொடரில் எம்.எல்.ஏ. தன் தீர்மானத்தை மறுபடி பேசியபோது புதிதாக ஒரு வரி சேர்த்திருந்தார். இத்தகைய வழக்குகளில் விசாரணைக்குக் காலவரம்பு வேண்டும், குற்றவாளி என்றாலும் இல்லை என்றாலும் அதை ஒரு வருடத்துக்குள் சொல்லிவிட வேண்டும் என்று. அந்த வரிக்கு யாரும் மேஜையைத் தட்டவில்லை. அரசு பரிசீலிக்கும் என்று அமைச்சர் சொன்னார். நான் அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

அவர் யாரிடமாவது பேசினாரா, இல்லை தானாகவே முறை வந்ததா, எனக்குத் தெரியாது. மழை முடிந்த பிறகு மாதுவின் வழக்கு விசாரணைக்கு வந்தது. அண்ணி சாட்சி சொல்லக் கூண்டில் ஏறினாள். எம்.எல்.ஏ.வின் ஆள் ஒருவர் வந்து உட்கார்ந்திருந்தாராம். முன்விரோதம் உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். மோட்டார் கரண்டுக்கு அடிக்கடி சண்டை வருமே என்று அரசு வக்கீல் எடுத்துக்கொடுத்திருக்கிறார்.

அண்ணி அதைப் பிறகு என்னிடம் சொன்னாள். "ஆமான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தாப் போதும் கலா. வாய் வரைக்கும் வந்துச்சு. அவன் அங்க நின்னுக்கிட்டிருந்தான். முடியெல்லாம் வெளுத்துப்போச்சு. சண்ட வரும், ஆனா விரோதமில்லன்னு சொல்லிட்டன். தூக்கிட்டு ஓடினது அவன்தான்னும் சொன்னன். அவனுக்காகச் சொல்லல. உங்க அண்ணனப் பத்திப் பொய் சொல்லக் கூடாதில்ல."

கொலை இல்லை, கவனக்குறைவால் நேர்ந்த சாவு என்று தீர்ப்பானது. உரிமமில்லாத துப்பாக்கிக்கும் சேர்த்துக் கொடுத்த தண்டனையை அவன் ஏற்கெனவே உள்ளே இருந்த காலத்திலேயே கழித்து, அவனை விட்டுவிட்டார்கள். எம்.எல்.ஏ. அதற்குப் பிறகு அண்ணிக்குப் போன் செய்யவில்லை. அவள் வேலைக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அல் ஐனுக்கு நான்தான் சொன்னேன். பச்சையம்மா முதலில் நம்பவில்லை. பிறகு அழுதாள். மறுநாள் கூப்பிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "வீட்டு மதாம்கிட்டச் சொன்னன்க்கா" என்றாள். "மப்ரூக், மப்ரூக்னு வாழ்த்திக் கட்டிப் புடிச்சிக்கிட்டாங்க. லீவு கேட்டன். அது மட்டும் மாஃபி. கான்ட்ராக்ட் இப்பதான போட்டன்." பிறகு, "அவுரு உள்ள இருக்கறப்ப வெளிய இருந்தன். அவுரு வெளிய வந்தப்ப நான் உள்ள மாட்டிக்கிட்டன்" என்றாள்.

7

துப்பாக்கி ஒப்படைக்கும் முகாம் எங்கள் ஒன்றியத்தில் நடந்தது. துருப்பிடித்த குழாய்களை வரிசையாகப் படுக்கவைத்து, பின்னால் எம்.எல்.ஏ.வும் அதிகாரிகளும் நிற்கும் படம் வந்தது. நல்ல காரியம்தான். அண்ணனுக்கு முன்பே நடந்திருக்க வேண்டிய காரியம். பயிர் இழப்பீடு மட்டும் இன்னும் வரவில்லை. பன்றிகள் அதிகமாகிவிட்டன என்று ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள்.

போன வெள்ளிக்கிழமை அண்ணியோடு பேசினேன். இந்த வருடம் மறுபடியும் சோளம் போட்டிருக்கிறாள். கதிர் பால் பிடித்துவிட்டது என்றாள். மாதுவைப் பார்த்தாயா என்று நான் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்.

"வந்த அன்னிக்கு வாசல்ல வந்து நின்னான். நான் கதவத் தெறக்கல. ரொம்ப நேரம் நின்னுட்டுப் போயிட்டான். அப்புறம் வரல."

"ம்."

"இப்ப தெனமும் விடியக்காலையில பன்னி எறங்குது. அவன் ஒரு தகரத்த எடுத்துக்கிட்டு வரான். அவன் காட்டுல ஒண்ணுமில்ல, வெறும் முள்ளுதான். ரெண்டு காட்டுக்கும் நடுவுல, அந்த வரப்புல நின்னுக்கிட்டு அடிக்கறான். விடியற வரைக்கும் அடிக்கறான்."

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"எனக்கு அந்தச் சத்தத்தக் கேட்டா வவுறெல்லாம் எரியுது கலா. நேத்து பொறுக்க முடியாம, போய் நிறுத்துடான்னு சொல்லலாம்னு எந்திரிச்சுக் கதவு வரைக்கும் போனன்."

"சொன்னியா அண்ணி?"

"எங்க? நிறுத்திட்டான்னா பன்னி வந்துடுமேன்னு திரும்பி வந்து படுத்துக்கிட்டன்."